கடைசித் தண்ணீரில் கற்பூரம்

எங்கள் வீட்டுக்கு மீன்தொட்டி வந்தது, சுனாமிக்குப் பிறகு ஆட்களின் மனதைத் தேற்றவென்று வந்திருந்த ஒரு நிறுவனம் தன் வேலையை முடித்துக்கொண்டு போன அன்றுதான். எங்களுக்குக் கட்டித் தந்த வீட்டுத் திட்டத்தின் முகப்பில் அவர்களுக்கு ஓர் அறை இருந்தது. சுவருக்கு இளம் நீலம் பூசி, நடுவில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் ஆறும் என்றார்கள். போகும்போது அறையில் இருந்ததையெல்லாம் நாங்களே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கதிரைகள் போயின. மின்விசிறி போனது. திரைச்சீலையையும் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். வாப்பா எல்லோருக்கும் பிறகு போய்த் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதிலிருந்த மீன்கள் எப்போதோ செத்திருந்தன.

வாப்பாவின் தங்கை, எங்கள் மாமி, அடுத்த வீட்டில் இருந்தார். வாசலில் நின்று, காக்கா என்று கூப்பிடும் தன் அண்ணனைப் பார்த்தார்.

"ஊருல உள்ளவன் ஃபேனத் தூக்கிட்டுப் போறான். எங்கட காக்கா கண்ணாடிப் பெட்டியத் தூக்கிட்டு வாறார். இதுக்குள்ள இறங்கிக் குளிக்கப் போறீங்களா?"

வாப்பா தொட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார்.

அவர் கடல் தொழில் செய்தவர். சுனாமி வந்த நேரம் ஆழத்தில் நின்றார். அலை படகுக்குக் கீழால் போயிருக்கிறது. படகில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பிரதான வீதிக்கு மேற்கே டியூசன் வகுப்பில் இருந்தேன். சின்னவளான தங்கச்சி மாமியோடு ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் உம்மா மட்டும்தான் இருந்தார். வாப்பா மறுநாள் கரைக்கு வந்து சேர்ந்தபோது வீடும் இல்லை, உம்மாவை அடக்கியும் முடிந்திருந்தது.

பிறகு கடலிலிருந்து தள்ளி, வயல் நிரப்பிய காணியில் எங்களுக்கு வீடு கிடைத்தது. தொழில் செய்யச் சொல்லி வாப்பாவுக்கு ஒரு புது வலையும் கொடுத்தார்கள். அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை. அது அலுமாரிக்கு மேலே கிடந்தது. அவர் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். நான் ஓ.எல். எழுதினேன், ஏ.எல். எழுதினேன், கம்பஸுக்கு, பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவர் வேறு யாருமில்லை. முடிவு வந்த அன்று மாமி சீனி போட்டுக் கொடுத்த பாலைக் குடித்துவிட்டு வாப்பா திரும்பவும் போய்ப் படுத்துக்கொண்டார்.

தொட்டிக்குள் இறால் விட்டது தங்கச்சிதான். கல்முனையில் வளர்ப்பு மீன் விற்கும் கடையில் விரல் நகமளவு சிவப்பு இறால்களைக் கண்டு, அடம்பிடித்து வாங்கி வந்தாள். இரண்டு நாளில் அவளுக்கு அலுத்துவிட்டது. ஆனால் வாப்பா எழும்பத் தொடங்கினார். விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்து தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருப்பார். கிணற்றுத் தண்ணீரை வாளியில் ஆறவைத்து, கோப்பையால் அள்ளி அள்ளி மாற்றுவார். அவித்த கீரை இலையில் ஒரு துண்டைக் கிள்ளிப் போடுவார். இறால்கள் அதன்மேல் வந்து ஏறும். மத்தியானம் எங்களோடு இருந்து சோறு தின்பார். இறால் வந்த பிறகு நடந்தது இவ்வளவுதான். எங்களுக்கு அது பெரிய காரியமாக இருந்தது.

ஒரு தடவை அவர் வயல் வேலைக்குக்கூடப் போனார். வரிப்பத்தான்சேனையில் அறுவடை. திரும்பி வரும்போது வாய்க்காலில் வளர்ந்திருந்த பச்சை நீர்ப்பூண்டு ஒரு பிடியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். கிணற்றடியில் வைத்து, பிஸ்மி சொல்லி, மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினார். எங்கள் ஊரில் எதைக் கழுவினாலும் மூன்று தண்ணீர்தான். மூன்று தண்ணீர் விட்டால் பாக், அதற்குமேல் அதில் அழுக்கில்லை. அப்படிக் கழுவிய பூண்டைத் தொட்டிக்குள் நட்டார். வயலுக்கு அடித்த பூச்சிமருந்து மூன்று தண்ணீரில் போகும் என்று நினைத்தாரா, மருந்தைப் பற்றி நினைக்கவே இல்லையா என்று நான் கேட்டதில்லை. விடிந்தபோது இறால்களெல்லாம் அடியில் கிடந்தன. சில இன்னும் துள்ளிக்கொண்டிருந்தனவாம்.

தங்கச்சி கூட்டாளிகளுக்குக் காட்டவென்று ஒரு போத்தலில் பிடித்து வைத்திருந்த சில மட்டும் மிஞ்சின.

மாமி கம்பஸில் இருந்த எனக்குப் போன் எடுத்தார். "மகன், நீ ஒருக்கா வந்துட்டுப் போ. காக்கா திரும்பவும் செவரப் பாத்துப் படுத்துட்டார். சோறும் வாணாமாம். ரெண்டு கூனி இறால் செத்ததுக்கு இப்பிடியா? எனக்கெண்டா விளங்கல்ல."

கம்பஸில் அப்போது வகுப்புகள் ஒழுங்காக நடக்கவில்லை. வன்னியில் யுத்தத்தின் கடைசி நாட்கள். பஸ்ஸை வழி நெடுகச் சோதனைக்கு நிறுத்தி, எங்களை இறக்கி, வரிசையில் நடக்கவிட்டு, அங்கால் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி போத்தலைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"காக்கா, இதுட வயித்தப் பாரு. முட்டை."

வாலுக்குக் கீழே மஞ்சள் மணிகளாக ஒரு கொத்து. கால்களால் அதை விசிறிக்கொண்டே இருந்தது அந்த இறால்.

"வாப்பாவுக்குக் காட்டினயா?"

"காட்டினன். எழும்பி இருந்து பாத்தார். 'இதாவது தங்குமா'ண்டு கேட்டார். நீ படிச்ச புள்ளதானே, நீ சொல்லு. தங்குமா?"

நான் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். வாப்பா படுத்திருந்தார். ஆனால் முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

அந்தக் குஞ்சுகள் தங்க வேண்டும். அதைவிட வேறு எதையும் நான் அப்போது யோசிக்கவில்லை. தொட்டியைக் காலி செய்து, மண்ணை வெயிலில் கொட்டி, புதுத் தண்ணீர் நிரப்பி, தண்ணீரை இழுத்து வடித்துவிடும் மோட்டாரைச் சில நாள் ஓடவிட்டுப் பிறகு மிஞ்சியவற்றை விட்டோம். தொட்டி மொட்டையாக இருந்தது. குஞ்சு பொரித்தால் ஒட்டிப்பிடிக்கவும் மேயவும் அதற்குப் பாசி வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் இழுத்துக்கொள்ளும். மோட்டாரை நிறுத்தினால் காற்றில்லாமல் பெரியவை சாகும்.

கல்முனைக் கடைக்காரர் தண்ணீருக்குள்ளிருந்து பாசியும் செடியும் எடுத்துக் காட்டினார்.

"பாருங்க தம்பி, ஒரு ஓட்டை இல்ல, ஒரு பூச்சி இல்ல. கொழும்புலயிரிந்து நேத்துத்தான் வந்த."

"பூச்சி ஏன் இல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். "பூச்சி இருந்தா ஏன் இரிக்கெண்டு கேக்கிறயள். இல்லாட்டி ஏன் இல்லையெண்டு கேக்கிறயள். நான் என்ன செய்யிற?"

நான் கம்பஸ் கணினியில் வாசித்திருந்தது அதைத்தான். விற்கிற செடிகளைப் பண்ணையில் மருந்தடித்து வளர்ப்பார்கள். செடி அந்த மருந்தைக் குடித்து வைத்திருக்கும். மேலால் எத்தனை தண்ணீர் விட்டாலும் போகாது. மீனுக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. இறால் பூச்சிக்குச் சொந்தக்காரன்; பூச்சியைக் கொல்வது இறாலையும் கொல்லும். மாமி சொன்னதுபோல் கொண்டிஸ் என்கிற ஊதாத் தூளைக் கரைத்து முக்கினால் நத்தை முட்டை சாகும், கிருமி சாகும், உள்ளே இருக்கிற மருந்து அப்படியே இருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தானே ஊறி வெளியே வரவேண்டும். அதற்கு வழி, தண்ணீரும் நாட்களும்தான்.

வாங்கி வந்த செடிகளின் அடியில் சுற்றியிருந்த பஞ்சைப் பிரித்தெடுத்தேன். பழுத்த இலைகளை வெட்டினேன். ஒவ்வொரு இலையாகப் புரட்டி, பின்பக்கம் ஒட்டியிருந்த நத்தை முட்டைகளைச் சுரண்டினேன். ஒரு வாளியில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிச் செடிகளைப் போட்டுச் சுவரோரம், பாதி வெயில் படுகிற இடத்தில் வைத்தேன். காலையில் பழைய தண்ணீரை வளவுக்கு வெளியே ஊற்றிப் புதுத் தண்ணீர் விட்டேன். வாப்பா வாசற்படியில் வந்து இருந்து பார்த்தார்.

"எப்ப போடலாம்?"

"இன்னும் கொஞ்ச நாள் போகோணும், வாப்பா."

"அதுக்குள்ள பொரிச்சிட்டா?"

நான் உள்ளே போய்த் தொட்டியைப் பார்த்தேன். முட்டைகள் மஞ்சளிலிருந்து மங்கலாகி வந்தன. பொரிக்கப் போகிறது என்று அர்த்தம்.

தண்ணீர் சரியாகிவிட்டதா என்று பார்க்க இறால் ஒன்றை விட்டுப் பார்க்க மனமில்லை. அதற்கு நான் கண்டுபிடித்த வழி நுளம்புக் குடம்பி, கொசுவின் புழு. மாமி வீட்டுப் பின்னால் மழைத் தண்ணீர் நிற்கும் பீப்பாயில் அது நிறைய நெளிந்தது. கோப்பையால் அள்ளி வாளிக்குள் விட்டேன். மருந்து இருந்தால் அதுவும் சாகும். முதல் தடவை விட்டவை பின்னேரத்துக்குள் செத்து மிதந்தன. அடுத்த கிழமை விட்டதில் பாதி செத்தன. அதற்குப் பிறகு விட்டவை உயிரோடு நின்றன. காலையில் போய்ப் பார்க்கும்போது தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன.

"அல்லாஹ்வே, ஊரெல்லாம் சிரட்டையக் கவுத்து வெக்கச் சொல்லி ஸ்பீக்கர்ல கத்துறாங்க, இவன் வாளிக்குள்ள நுளம்பு வளக்கிறான்" என்றார் மாமி. "இதுக்கா உன்னக் கம்பஸுக்கு அனுப்பின?"

"நுளம்பு சாகாட்டி இறாலும் சாகாது, மாமி."

"ஆ! நாங்க மட்டும் காய்ச்சல் வந்து சாவம்."

தங்கச்சி சிரித்தாள். வாப்பாவும் கொஞ்சம் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

அந்தக் கிழமைதான் யுத்தம் முடிந்ததாகச் சொன்னார்கள். தொலைக்காட்சியில் அதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கடைகளில் கொடி கட்டச் சொன்னார்கள். கட்டினார்கள். கல்முனைப் பக்கம் வெடி கொளுத்திய சத்தம் கேட்டுத் தங்கச்சி ஓடிப்போய் ஒரு பெரிய போர்வையால் தொட்டியை மூடினாள். இறால் பயப்படுமாம். நான் அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோசப்பட வேண்டுமா, அழ வேண்டுமா என்று யாராவது கேட்டிருந்தால்கூட என்னிடம் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. பாண்டிருப்பில் ஒரு கூட்டாளி இருந்தான், தமிழ்ப் பையன். அவனுடைய அண்ணன் அங்கே வன்னியில் அகப்பட்டிருந்தான். போன் எடுக்க நினைத்தேன். எடுக்கவில்லை. செடித் தண்ணீரை மாற்றினேன்.

கம்பஸில் பரீட்சை வைத்தார்கள். போகும்போது வாப்பாவிடம் சொன்னேன்.

"ஒவ்வொரு நாளும் தண்ணி மாத்துங்க. வேற ஒண்டும் போடாதீங்க. நான் வந்த பொறகுதான் தொட்டிக்குள்ள போடுவம்."

"ஓம் மகன்."

திரும்பி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஆட்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வளவுக்குள் காலடி வைத்ததுமே எனக்கு அந்த வாடை வந்தது. மையத்து வீட்டு வாடை, செத்தவர்களைக் குளிப்பாட்டுகிற தண்ணீரின் கற்பூர வாடை. ஒரு கணம் வாப்பாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றே நினைத்தேன். சரி, இதுவும் என்று மட்டும் நினைத்தேன்.

வாப்பா கிணற்றடியில் இருந்தார். வாளி அவருக்கு முன்னால் இருந்தது. பாசியோடு மிஞ்சியிருந்த குடம்பிகள் தண்ணீரில் அசையாமல் மிதந்தன. பாசிக்குள் சின்னச் சின்ன வட்ட இலைகள் சிக்கியிருந்தன. பள்ளிவாசல் வளவில் நிற்கிற இலந்தையின் இலைகள்.

"வாப்பா, இதுக்குள்ள என்ன போட்டீங்க?"

"ஒண்டும் போடல்ல. இண்டைக்குத்தானே நீ வாறாய், போடுறதுக்கு முன்னுக்கு வடிவாக் கழுவி வெப்பம் எண்டு கழுவினன். முதல் தண்ணிக்கு இலந்தை இலை. பொறகு வெறுந் தண்ணி. கடைசித் தண்ணிக்குத்தான் கொஞ்சம் கற்பூரம்."

தங்கச்சி வாசலில் நின்றாள். "நான் அப்பவே சொன்னன் காக்கா, மையத்துக்கு மாதிரி கழுவுறீங்க எண்டு. கேக்கல்ல."

"தொட்டிக்குள்ள போட்டுட்டீங்களா?"

"நீ வராம எப்பிடிப் போடுற?" வாப்பா மிதந்த குடம்பிகளைப் பார்த்தார். எனக்கு முன்னமே பார்த்திருப்பார். "செத்துட்டு, என்ன?"

"ஓம்."

"போன தரம் மூணு தண்ணி போதாமப் போச்செண்டு நினைச்சன். அதுக்கு மேல சுத்தமாக் கழுவுறதெண்டா இதுதான். வேற எனக்குத் தெரியா மகன்."

தங்கச்சி படியிறங்கி வந்து வாளிக்கு அந்தப் பக்கம் குந்தினாள். இலந்தை இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"உம்மாவ இப்பிடிக் கழுவின ஆரு?"

அவளுக்கு அது தெரியாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் அன்று அங்கே நின்றவன். பள்ளிவாசல் காணியில் வரிசையாகக் குழி தோண்டினார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை, கிணறெல்லாம் உப்பும் சேறும். மையத்தைச் சுற்றுகிற கபன் துணி போதவில்லை. கிடைத்த சேலையாலும் சாரனாலும் சுற்றினார்கள். தண்ணீரில் மூழ்கி மவுத்தானவர்கள் ஷஹீத், தியாகிகளுக்குச் சமம், இந்த நிலையில் குளிப்பாட்டாட்டியும் குற்றமில்லை என்று பெரியவர் ஒருவர் சொன்னார். உம்மாவைச் சுற்றியிருந்தது யாருடைய சேலை என்று எனக்குத் தெரியாது. அதில் பூ இருந்தது. நான் அழவில்லை. இதையெல்லாம் சொல்ல வாய் திறந்தேன்.

வாப்பா முந்திக்கொண்டார்.

"ஒருத்தரும் இல்ல புள்ள."

தங்கச்சி கை இலையோடு நின்றது.

"நான் இருந்திருந்தா நான்தான் குளிப்பாட்டியிருப்பன்," என்றார் வாப்பா. "பொஞ்சாதிய மாப்பிள்ளை குளிப்பாட்டக் கூடும். பொறகு பள்ளிவாசல் லெப்பையிட்டக் கேட்டன். கூடுமாம்."

மாமி வீட்டில் சட்டி கழுவுகிற சத்தம் கேட்டது. தங்கச்சி இலைகளைப் பொறுக்கி முடித்தாள். நான் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். பாசி பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் வாடை போகவில்லை. இன்னொரு தடவை மாற்றினேன். அப்போதும் போகவில்லை.

"எறியப் போறயா?" என்று கேட்டார் வாப்பா.

"எறியத் தேவல்ல. ஊறி ஊறிப் போகும். நாள் எடுக்கும்."

"அது நாள் எடுக்கும். இது எடுக்காது."

அவர் சொன்னது தொட்டியை. உள்ளே போய்ப் பார்த்தோம். வாலுக்குக் கீழே இருந்த முட்டைகளில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன, ஒவ்வொன்றிலும் இரண்டு. கண்கள். இன்றைக்கோ நாளைக்கோ. மொட்டைத் தொட்டியில் மோட்டார் முணுமுணுத்துக்கொண்டு தண்ணீரை இழுத்தது.

வாப்பா கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த வலையை இறக்கினார். பிளாஸ்டிக் உறையில் தூசி அப்பியிருந்தது. தங்கச்சி என்னைப் பார்த்தாள். அவர் பல்லால் உறையைக் கடித்துக் கிழித்தார். வலை வெளியே சரிந்து தரையெல்லாம் பரந்தது, இளம் பச்சை. அதற்கு ஒரு வாடையும் இல்லை. கடலே படாத வலை.

"கத்தி எடு புள்ள."

ஈயக்குண்டு இல்லாத நடுப்பகுதியில் ஒரு துண்டு வெட்டினார். அதை மடித்து மடித்து ஒரு பந்தாக்கி, ஒரு நூலால் கட்டினார். அவர் விரல்கள் முடிச்சுப் போட்ட வேகத்தில் என்ன முடிச்சு என்று பார்க்க முடியவில்லை.

"குஞ்சு இதப் பிடிச்சி நிக்குமா?"

"நிக்கும்," என்றேன். பிறகு, "முதல்ல நுளம்புத் தண்ணிக்குள்ள போட்டுப் பாப்பம்" என்றேன்.

"ஓம். பாரு." கையில் பந்தை வைத்துக்கொண்டு கேட்டார்: "இதுக்கு எத்தின தண்ணி?"

"சும்மா அலசினாப் போதும், வாப்பா."

சும்மா அலசினார். மாமியின் பீப்பாயிலிருந்து ஒரு வாளி அள்ளி அதற்குள் போட்டோம். மறுநாள் மத்தியானம் லுஹருக்கும் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. இன்னொரு தடவை அலசித் தொட்டிக்குள் இறக்கினோம். அதை இறக்கும்போது வாப்பா மெதுவாக பிஸ்மி சொன்னார்.

குஞ்சுகளை முதலில் கண்டது தங்கச்சி. பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு தொட்டிக்கு முன்னால் நின்று கத்தினாள். நான் கிட்டப் போய்க் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வலையின் ஒரு நூலில் ஏதோ அசைந்தது. கண்ணாடி போன்ற ஒன்று, இரண்டு கறுப்புப் புள்ளியோடு. அடுத்த நூலிலும். அதற்கடுத்ததிலும்.

மாமி வந்து பார்த்தார். "வலைக்குள்ள இறால் ஒளிக்குது! உலகம் முடியப் போகுதுதான்."

வாப்பா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். எவ்வளவு நேரம் இருந்தார் என்று தெரியாது. எனக்குச் சந்தோசம் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். ஏதோ வந்தது. அது சந்தோசமா என்று எனக்குத் தெரியவில்லை. பசித்தது. போய்ச் சோறு தின்றேன்.

செடிகளில் கற்பூர வாடை போக இன்னும் நாள் எடுத்தது. வாப்பாதான் தண்ணீர் மாற்றினார், வெறுந் தண்ணீர். அவரே மாமியின் பீப்பாயிலிருந்து குடம்பி அள்ளி விட்டு, குந்தியிருந்து பார்த்தார். நான் கம்பஸுக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் தங்கச்சி போன் எடுத்தாள். செடியைத் தொட்டிக்குள் போட்டாயிற்றாம். இறால் ஒன்றும் சாகவில்லையாம்.

"இப்ப வலைய எடுத்துட்டீங்களா?"

"இல்ல. வாப்பா கிடக்கட்டும் எண்டுட்டார். குஞ்செல்லாம் அதுலதான் நிக்குது, செடிக்குப் போகுதில்ல."

"மிச்ச வலை?"

"அது நீ போகக்க கிடந்த மாதிரித்தான் நடுவீட்டுல கிடக்கு. மாமி ஏசிறா, கால்ல சிக்குதாம். வாப்பா மடிக்கிறாரில்ல." பிறகு சொன்னாள்: "காக்கா, வெட்டின இடத்தத் தைக்கிறார்."

"என்னத்துக்காம்?"

"கேட்டன். சும்மாவாம்."